ஆட்சேபணை எண் நாற்பத்தேழு

கல்யாண மண்டபத்து மேடையில்
மணமக்கள் நாற்காலியை ஓரம் தள்ளிவிட்டு
வரைபடத்தைத் தொங்கவிட்டோம்.
அதன் பின்னால் நேற்றைய ரிசப்ஷனின் தெர்மாகோல் இதயம்,
பெயரில் பாதி உதிர்ந்து.

மஞ்சள் என்றால் வீடு.
நீலம் கடை. ஊதா ஆலை.
சிவப்பு பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி.
பச்சை என்றால் வயல்.
மைக்கில் இதைச் சொன்னது நான்.
திருவாரூர் அலுவலக மாடியில்
மூன்று மாதம் உட்கார்ந்து பூசியதும் நான்.
நீடாமங்கலத்துக்குக் கிழக்கே பதினாலு ஊர்,
இனி வரும் இருபது வருஷத்துக்கு.

மாசிலாமணி முதலில் எழுந்தார்.
"பச்சையைப் பூசிட்டீங்க. அழகா இருக்கு.
பொண்ணு நர்சிங் படிப்புக்கு நான் எதை விக்க?"
யாரும் சிரிக்கவில்லை.
பிளாட் போடுகிறவர் மட்டும் தலையாட்டிக்கொண்டார்,
தன் கேள்வியை வேறொருவர் கேட்டுவிட்ட திருப்தியில்.

வாத்து மேய்க்கும் வீரக்கண்ணு
கையில் கோலோடு வாசலிலேயே நின்றார்.
"இது எந்த மாசத்துப் படம்?"
மண்டபம் சிரித்தது.
"இல்ல, கேக்குறேன். குறுவை அறுத்ததும் அது என் வாத்துக்கு.
அப்புறம் சம்பா.
தை அறுப்புக்கு முன்னாடியே உளுந்து விழுந்திரும்.
பங்குனியில பசங்க ஸ்டம்ப் நடுவாங்க.
வைகாசியில வெடிச்சுக் கிடக்கும், பாம்புக்குத்தான்.
நீங்க ஒரு பச்சையைப் பூசி வச்சிருக்கீங்களே."
என் கணினியில்
ஒரு கட்டத்துக்கு ஒரு நிறம்தான் ஏறும்.
அதை அவரிடம் சொல்லவில்லை.

பவுனம்மாளின் மனுவில்
சர்வே எண் கேட்ட இடம் காலியாக இருந்தது.
நம்பர் இல்லாமல் வாங்க முடியாது என்றார் எழுத்தர்.
"பட்டா இருந்தாத்தானே நம்பர்?
வாய்க்கால்னு எழுதுங்க. ஊமை வடிகால்னு எழுதுங்க.
கார்த்திகையில எங்க தெற்குத் தெருவுல
அடுப்புக்குள்ள தண்ணி நிக்குது.
அது போக வேண்டிய வழி மேல விரல வைங்கம்மா."

விரலை எடுத்துக்கொண்டு போனேன்.
மஞ்சளில் தொடங்கி, பச்சையில் கொஞ்சம்,
பிறகு ஒரு சின்ன நீலச் சதுரம்.
"நீங்க நிக்கிற இடம்தான்," என்றாள்.

முன்வரிசையில் மண்டபத்துக்காரர்
போனை எடுத்துப் பார்த்தார்.
மின்விசிறிகள் கொஞ்ச நேரம் கூட்டத்தை நடத்தின.

சாப்பாட்டு இடைவேளையில்
எலுமிச்சை சாதப் பொட்டலத்தோடு பின்பக்கம் போனேன்.
சமையல் கொட்டகைக்கும் சிலிண்டர் அடுக்குக்கும் நடுவே
செங்கல் மதகு, பாதி வாய்.
உள்ளே வாழையிலை, காகிதக் கோப்பை,
பூவெல்லாம் போன மாலை நார்.
ஒரு கையகலம் ஈரம் மட்டும்
வடக்கே சாய்ந்திருந்தது, வெண்ணாற்றை நோக்கி.

மாலையில் குறிப்பேடு.
அறுபத்தொரு ஆட்சேபணைக்கும் எதிரே
'பரிசீலிக்கப்பட்டது' என்று போடச் சொன்னார் மேலதிகாரி.
நல்ல வார்த்தை. மேட்டு நிலம் மாதிரி.
அதன் மேல் எதை வேண்டுமானாலும் கட்டலாம்.
அறுபதுக்குப் போட்டேன்.

என் பேனா முனை அரை மில்லிமீட்டர்.
இந்த அளவுகோலில் அது இரண்டரை மீட்டர்.
ஊமை வடிகால் ஒன்றரைகூட இராது.
ஆகவே நான் இழுத்த கோடு
மாசிலாமணியிடமிருந்து ஒரு மீட்டர் திருடியது,
தெற்குத் தெருவிலிருந்து புறப்பட்டு,
மண்டபத்தின் நடுவே,
தெர்மாகோல் இதயம் வழியாக,
ஆற்றுக்குப் போனது.

"அளவுக்குள்ள வராத கோடும்மா இது.
சென்னையில அழிச்சிருவாங்க."
"அழிக்கட்டும் சார். அழிச்சது யாருன்னு பேர் இருக்கும்ல."
அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.
சரி என்றும் சொல்லவில்லை.

படத்தைச் சுருட்டும்முன் பார்த்தேன்.
வடதிசை அம்புக்குக் கீழே
தேதிக்கான கட்டம் காலியாக இருந்தது.
புரட்டாசி
என்று எழுதினேன்.
வெளியே அறுத்த தாளில்
வாத்துகள் இறங்கிக்கொண்டிருந்தன.